தோற்றவர்தான் அறிவிப்பார்

போன வாரம் பணி ஓய்வு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தி, பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, "நாலு வார்த்தை பேசுங்க மேடம்" என்றீர்கள். நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மைக்கைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மீதியை எழுதித் தருகிறேன் என்று, சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேரிடமும் சொன்னேன். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பீர்கள். இதோ, எழுதிவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்போது எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்தால் கண் பாதி மூடும். அப்போது நம் கம்பெனி பிறந்த தொம்மலூர் அறை வந்துவிடும். உண்மையில் அது எட்டடிக்குப் பத்தடி அறை. அரைத்தூக்கத்தில் அது பெரிதாக இருக்கிறது, ஜன்னல் வேறு சுவரில் இருக்கிறது, வெளியே எப்போதும் தூறிக்கொண்டே இருக்கிறது. ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் வரதன் சார், அந்தப் பக்கம் சாந்தா மேடம். இருவரும் என்னவோ பேசுகிறார்கள், எனக்குக் காதில் விழவில்லை. எழுந்தால் கலைந்துவிடும் என்று நான் அசையாமல் படுத்திருப்பேன்.

உங்களுக்கு அவர்களை வைட்ஃபீல்ட் ஆபீஸ் வரவேற்பறைப் படத்தில்தான் தெரியும். மீசை வைத்தவர் வரதன் சார், தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பருத்திப் புடவை கட்டியவர் சாந்தா மேடம், கன்னடக்காரர், தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். இன்ஜினியரிங் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வரதன் சாருடைய வீட்டு முன்னறையில் இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகள் வாங்கக்கூடிய மாதிரி, இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியை இங்கேயே செய்யலாம் என்று அவர்கள் சொன்னபோது முகத்துக்கு நேரே சிரித்தவர்கள் உண்டு. வருகிறவர்கள் எல்லோரும் இவர்களைக் கணவன் மனைவி என்றே நினைப்பார்கள். "உங்க மிஸஸ்ஸா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்லீங்க, என் எதிர்க்கட்சி" என்றார் வரதன் சார். மேடம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எதிர்க்கட்சி என்றது முழுக்க வேடிக்கையும் இல்லை. இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் ஆபீசுக்குள் அவர்கள் சண்டை போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. பேச்சு சூடேறுகிறது என்று தெரிந்தால் மேடம் செருப்பை மாட்டிக்கொள்வார், சார் குடையை எடுத்துக்கொள்வார். "ஒரு சுத்து போயிட்டு வரோம்" என்று கிளம்பிவிடுவார்கள். தொம்மலூரின் பழைய சந்துகளில் மாடுகளையும் ஸ்கூட்டர்களையும் தாண்டி, கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். சில நாள் கால் மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்ததும் இருவரில் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு முடிவைச் சொல்வார். அதற்குமேல் பேச்சில்லை.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். பெட்டிகளைச் சோதித்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலை. அடுத்தவர் முகத்தைப் படிப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. பெட்டிக்கு என்ன நிறம் என்று ஒரு தகராறு வந்தது. சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று சார் சொன்னது கதவு வழியாக என் காதில் விழுந்திருந்தது. சுற்றிவிட்டு வந்தார்கள். "நீலம்! நோயாளி கண்ணத் தொறந்தா வானம் மாதிரி தெரியணும்" என்று அறிவித்தவர் அதே வரதன் சார். அத்தனை உற்சாகமாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பொறி தட்டியது. அதற்குப் பிறகு மூன்று நான்கு தடவை கவனித்தேன். தப்பவே இல்லை. வாக்குவாதத்தில் யார் தோற்றாரோ அவர்தான் வந்து அறிவிப்பார், தன் சொந்த யோசனை மாதிரியே சொல்வார். இந்த ஆபீசில் எனக்கு மட்டும்தான் இது தெரியும் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

பன்னிரண்டு பெட்டிகள் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழு எங்களிடம் நிறையப் பெட்டிகள் வாங்கப் போவதாக முடிவாகி, அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து என்றிருந்தது. ஆபீசே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒரு நாள் காலை போன் அடித்தது. ஓசூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டர்.

"மேடம், பேஷண்ட் எழுந்து பாத்ரூம் போயிருக்காரு. வெரல்ல மாட்டுற கிளிப்பு தலகாணி மேல கெடக்குது. உங்க மெஷினு எழுபத்தெட்டுன்னு காட்டிட்டே இருக்குது. தலகாணிக்கு எப்படி மேடம் நாடி துடிக்கும்?"

அந்தச் சிஸ்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆளில்லாத கட்டில், அதன் பக்கத்தில் நிதானமாகத் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு எண். பல வருடம் கழித்தும் அந்தக் கட்டில் என் கனவில் வந்திருக்கிறது.

அந்த ஒரு பெட்டியை உடனே அணைக்கச் சொல்லிவிட்டு இருவரிடமும் போய்ச் சொன்னேன். மேடம், "பன்னெண்டையும் ஆஃப் பண்ணச் சொல்லணும், இப்பவே" என்றார். சார், "ஒரு பெட்டி கெட்டுப்போச்சுன்னா எல்லாமே கெட்டதா? அங்க வேற மெஷின் கிடையாது சாந்தா, இதையும் புடுங்கிட்டா அவங்க எதப் பாப்பாங்க?" என்றார். சார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமையைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. மேடம் செருப்பை மாட்டினார், சார் குடையை எடுத்தார்.

அவர்கள் போன அந்த ஒரு மணி நேரம் நான் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், வேறு ஒரு பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் உடனே வந்தது. கிளிப்பை என் விரலிலிருந்து கழற்றி வைத்திருந்தேன். திரையில் எழுபத்திரண்டு அப்படியே நின்றது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன், சரியாகிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், வரவில்லை. ஒரு தடவைதானே என்று விட்டுவிட்டேன். தாளில் எழுதவில்லை. பன்னிரண்டு தாளிலும் கையெழுத்து என்னுடையது.

நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். எங்களைக் கூப்பிட்டுப் பேசியவர் சாந்தா மேடம். "ஓசூர் பெட்டி மட்டும் இங்க வரட்டும். ரெண்டு நாள் அத நல்லாப் பாக்கலாம். மத்தது ஓடட்டும். காரணம் தெரியாம எல்லாரையும் பயமுறுத்தி என்ன பிரயோஜனம்?" கேட்டவர்களுக்குச் சந்தேகமே வராத மாதிரி சொன்னார். எனக்கு மட்டும் புரிந்தது. மேடம் தோற்றுவிட்டார்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எங்கேயோ ஒரு கட்டிலில் ஒரு உயிர் போய்விடலாம். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்தது. மேடத்தின் மனது என் பக்கம்தானே இருக்கிறது? அவரைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். பெட்டிகளும் அணைந்துவிடும், நானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மதியம் மேடம் பின்பக்கக் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மேடம், ரெண்டு நாள்ங்கிறது உங்க முடிவு இல்லன்னு எனக்குத் தெரியும்."

கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. "ஹௌதா, அப்படியா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. தோத்தவங்கதான் வந்து சொல்லுவீங்க. ரொம்ப நாளா பாத்துட்டுதான் இருக்கேன். நீங்க ம்ம்னு ஒரு வார்த்த சொல்லுங்க மேடம், பன்னெண்டு ஆஸ்பத்திரிக்கும் நானே போன் போட்டுடறேன். சார்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. அடுத்தவர் முகத்தைப் படிக்கிறவளுக்கு அந்த முகம் மட்டும் பிடிபடவில்லை. குழாயை மூடி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வா" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"வரதா, நம்ம ரூல எஸ்தர் கண்டுபிடிச்சுட்டா."

சார் நிமிர்ந்தார். "அடிப்பாவி! எப்பலேர்ந்து?"

"நீலப் பெட்டிலேர்ந்து சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. "நான் தோத்தேன்னு தெரிஞ்சுதான் என்கிட்ட வந்திருக்கா. உனக்குத் தெரியாம எல்லாருக்கும் போன் போடலாம்னு கூப்பிடறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "எஸ்தர், ஒரு மெஷினப் பாத்து இவ்வளவு பயப்படற ஆளில்ல நீ. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதது ஏதோ உனக்குத் தெரியும். அத சொல்லு."

அழுதுவிட்டேன் என்றுதான் நினைவு. எழுபத்திரண்டைச் சொன்னேன், தட்டியதைச் சொன்னேன், எழுதாமல் விட்டதைச் சொன்னேன்.

"எந்தப் பெட்டி? ஓசூருக்குப் போனதா?" என்றார் சார்.

"இல்ல சார். வேற பெட்டி."

ஒரு பெட்டி கெட்டது என்று நினைத்துத்தான் அவர்கள் அத்தனை தூரம் நடந்து முடிவெடுத்திருந்தார்கள். இரண்டு பெட்டி என்றால் பன்னிரண்டும் என்று அர்த்தம். சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "மூணு வாரம் முன்னாடி எழுதியிருக்க வேண்டியத இப்ப எழுது. இன்னிக்குத் தேதியப் போட்டு எழுது" என்றார். மேடம் செருப்பை மாட்டப் போகிறார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. இந்தத் தடவை சுற்றுக்குப் போகவில்லை. சார் போனை எடுத்துவிட்டார்.

ஒவ்வொரு ஊராக அவரே பேசினார். "நான் இந்தப் பெட்டியச் செஞ்சவன் பேசறேன். எங்க பெட்டி பொய் சொல்லலாம். ஆஃப் பண்ணிட்டு கையப் புடிச்சு நாடி பாருங்க. நாங்க வர்ற வரைக்கும் அத நம்பாதீங்க." மழுப்பல் கிடையாது, 'ஆனால்' என்று இழுக்கவும் இல்லை. ஓசூரையும் சேர்த்துப் பதினோரு பேர் கிடைத்தார்கள். பிறகு யாரும் கேட்காமலேயே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக் குழுவுக்கும் போன் போட்டு அதே விஷயத்தை அதே குரலில் சொன்னார். திங்கட்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. கம்பெனி மறுபடி மூச்சுவிட இரண்டு வருடம் பிடித்தது.

கிடைக்காமல் போனது தங்கவயல் ஆஸ்பத்திரி. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் தடவைக்குப் பிறகு மேடம் கார் சாவியை எடுத்தார். "எஸ்தர், கெளம்பு."

சார் ஆபீசிலேயே தங்கி வேலையில் இறங்கினார். புது எண் வராவிட்டால் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்காமல் பெட்டி இரண்டு சிறு கோடுகளைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு கோடுகள் திரையில் அசிங்கமாக இருக்கின்றன, எடுத்துவிடலாமா என்று போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்று பெட்டி சொல்லும் இடம் அது. தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

பழைய மெட்ராஸ் ரோடில் மழை எங்களோடு கூடவே வந்தது. கண்ணாடியில் வைப்பர் இப்படியும் அப்படியும் போக, புளியமரங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளிருந்து வந்து தண்ணீருக்குள் போயின. ஏரிக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்து, இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. போய்ச் சேரும் இடத்தில் என்ன காத்திருக்கிறதோ என்ற பயம்தான் அப்படித் தோன்ற வைத்தது என்று இப்போது புரிகிறது.

ஹொசகோட்டே தாண்டியதும் மேடம் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"அந்த ரூல் ஏன்னு தெரியுமா? ஜெயிச்சவங்க வந்து சொன்னா கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துக்கும். கேக்கறவங்களுக்கு ரெண்டு கட்சின்னு தெரிஞ்சிடும். தோத்தவங்க சொன்னா, சொல்லி முடிக்கறதுக்குள்ள அது அவங்க முடிவாவே ஆயிடும். நீலம் நீலம்னு சொல்லிச் சொல்லி வரதன் வீட்டுக்கே நீலம் அடிச்சான், பாத்தியா?"

நான் சிரிக்க முயன்றேன். "என்ன மன்னிச்சிடுங்க மேடம்."

"எழுதாம விட்டதுக்கு வரதன் பேப்பர் குடுத்துட்டான், அது முடிஞ்சது. அடுத்ததுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. கையில விஷயத்த வச்சுக்கிட்டு, அத விட்டுட்டு எங்க மனசப் படிச்சிட்டு வந்த பாரு." முன்னால் போன லாரியைத் தாண்டினார். "இன்னொண்ணும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நீ குழாயடியில கேட்டப்ப, சரி போட்டுடுன்னு சொல்லிடலாமான்னு எனக்குத் தோணிச்சு. அதுக்குப் பயந்துதான் உன்ன வரதன்கிட்ட இழுத்துட்டு ஓடினேன்."

யாரிடமும் சொல்லாதே என்றதை இத்தனை வருடம் காப்பாற்றினேன். வரதன் சார் காலமாகிவிட்டார். மைசூரில் மகளோடு இருக்கும் மேடத்திடம் முந்தாநாள் கேட்டேன், எழுதிக்கொள் என்றார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஜெயித்த கதைகள் வெளியில் நிறைய உலவுகின்றன. ஒருவர் இன்னொருவருக்குத் தெரியாமல் ஜெயிக்கப் பயந்த இந்த ஒரு மதியத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் மேலதிகாரிகள் இரண்டு பேருக்குள் ஒத்துப்போகாது. யார் பக்கம் காற்று அடிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், நீங்களும் கெட்டிக்காரர்கள்தான். அப்போது கையில் இருக்கும் விஷயத்தை இருவர் முன்னாலும் வையுங்கள். என்னை மாதிரி குழாயடிக்குப் போகாதீர்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் தங்கவயல் போய்விட்டோம். ஓட்டுக் கூரை போட்ட சின்ன ஆஸ்பத்திரி. மழையில் போன் லைன் அறுந்திருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததாம். அன்றைக்கு எழுபத்திரண்டு நின்றதும் கரண்ட் போய் வந்தபோதுதான். இருந்த ஒரே சிஸ்டர் பிரசவ அறையில் இருந்தார். வார்டுக்கு நாங்களே போனோம்.

கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கிளிப் விரலில் சரியாகவே இருந்தது. பக்கத்தில் நம்முடைய நீலப் பெட்டி. எழுபத்தாறு. உயிருள்ள நாடி ஒரே எண்ணில் நிற்காது, எழுபத்தைந்தாகும், எழுபத்தெட்டாகும், உங்களுக்குத் தெரியும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எழுபத்தாறு. எழுபத்தாறு. எழுபத்தாறு.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விரலை மாற்றி வைத்தேன். இல்லை. மறுபடி மாற்றினேன். பிறகு எங்கேயோ ஆழத்திலிருந்து ஒன்று வந்து விரலில் தொட்டது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. எழுபத்தாறில் பாதிகூட இருக்காது. மேடம் என் முகத்தைப் பார்த்தார். "சிஸ்டர்! டாக்டர்!" என்று கத்திக்கொண்டே நடையில் ஓடினார்.

அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். ஆனால் டாக்டர் வந்து சேர்வதற்கு முன்னால் அந்தச் சில நிமிடங்கள் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். அவர் கண்ணைத் திறந்தார்.

"யாரும்மா? புது நர்ஸா?"

"இல்லய்யா. இந்தப் பெட்டி செஞ்ச எடத்துலேர்ந்து வரேன். உடம்பு எப்படி இருக்குது?"

"காலையிலேர்ந்து ஒரு மாதிரி கண்ண இருட்டிக்கினு வருதும்மா. நெஞ்சு அடைக்குது. நர்ஸம்மாவக் கூப்பிடலாம்னுதான் பாத்தேன்."

"ஏங்கய்யா கூப்பிடல?"

அவர் தலையை மெல்லத் திருப்பித் திரையைப் பார்த்தார். "அது எழுபத்தாறு, எழுபத்தாறுன்னு நல்லாத்தானே காட்டினு இருக்குது. எல்லாம் நம்ம மனப்பிராந்தின்னு வுட்டுட்டேன். அதுக்குத் தெரியாதது எனக்கு இன்னாம்மா தெரியப் போவுது?"

எட்டிப் பெட்டியை அணைத்தேன். அவர் கையை விடாமல், டாக்டர் வரும்வரை ஒவ்வொரு துடிப்பையும் வாய்விட்டு எண்ணினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நான் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.